அதான்

பிப்ரவரி 9

மூளை பற்றிய புத்தகத்தில் அத்தியாயம் 2 முடிந்தது. நரம்பணுவின் படத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று தரம் வரைந்து பார்த்தேன். கிளை கிளையாகப் பிரியும் பக்கம், பிடுங்கிப் போட்ட ராகிப் பயிரின் சல்லிவேர் மாதிரியே இருக்கிறது. ஒற்றையாக நீண்டு போவது ஆக்ஸான். ஓய்வில் இருக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் மைனஸ் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். அதைக் காப்பாற்ற சோடியம் மூன்றை வெளியே தள்ளிப் பொட்டாசியம் இரண்டை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா இருப்பதற்கே அதற்கு இவ்வளவு வேலை.

பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லாத அப்பா ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டார். ஒன்று வலது கன்னத்திலேயே தங்கிவிட்டது, விரல் விட்டு எடுத்தேன்.

பிப்ரவரி 10

அதான். அதான். அதான். காலையிலிருந்து அப்பாவிடம் இந்த ஒரே சொல்தான்.

பிப்ரவரி 12

தூக்கம் வரவில்லை. மொழி பற்றிய பாடம் பின்னால் அத்தியாயம் 14இல் இருக்கிறது, வரிசையாகப் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். இன்று முடியவில்லை, நேரே அங்கே போய்விட்டேன்.

பாரிஸ் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனை. லெபோர்ஞ் என்று ஒருவர், செருப்புத் தைக்கிறவர்களுக்கு மரத்தில் அச்சு செய்து கொடுத்தவர். முப்பது வயதில் பேச்சு நின்றுவிட்டது. 21 வருஷம் அங்கேயே இருந்தார். எதைக் கேட்டாலும் இரண்டு தரம் "தான், தான்" என்பார். பிரெஞ்சில் மூக்கால் சொல்ல வேண்டுமாம். தமிழில் எழுதினால் தான் என்றுதானே வருகிறது! கேட்பது அவருக்குப் புரிந்தது. தான் சொல்வது மற்றவர்களுக்குப் புரியாதபோது கோபம் வந்தது. 1861 ஏப்ரல் 17 அன்று இறந்தார். பால் புரோக்கா என்ற டாக்டர் அவர் மூளையை எடுத்துப் பார்த்தபோது இடது பக்கம், முன்மடலில் கேடு. பேச்சுக்கு மூளையில் இடம் இருக்கிறது என்று உலகம் ஒத்துக்கொண்டது அவரால்தான்.

அந்த மூளை இன்னும் பாரிஸில் சாடிக்குள் இருக்கிறது. 2007இல் ஸ்கேன் செய்தார்கள். புரோக்கா மேலிருந்து பார்த்ததைவிடக் கேடு ஆழமாகப் போயிருந்தது.

21 வருஷம் அந்த மனிதர் என்னதான் சொல்ல வந்தார்? அதை ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை. எப்படி எழுதுவது.

பிப்ரவரி 15

நாலரை மணி நேரம்.

பிப்ரவரி 16

டிவியில் சாதாரண சோப்பு விளம்பரம். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அடுத்த நிமிஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி டம்ளரைப் பார்த்தார். பக்கவாதத்துக்குப் பிறகு இப்படி வரும், துக்கம் இல்லாமலே அழுகை வரும், அழுகையை அடக்கி வைக்கும் பாதை அறுந்துபோனால் இப்படி ஆகும் என்று படித்ததை அம்மாவிடம் சொன்னேன். புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அழுகைன்னா அழுகைதான் பாப்பா. புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான்."

பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 21

புளி தட்ட ஆள் வந்தார்கள். வாசல் முழுக்க ஓடும் கொட்டையும். படிக்கவில்லை.

பிப்ரவரி 27

இன்று செய்ததை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

புரோக்கா பகுதி கெட்டவர்களுக்கு எல்லாம் புரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். சொற்கள் புரியும், சொற்களுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்னக் கட்டுகள் நழுவும். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பது குழம்பும். தமிழில் அந்தக் கட்டு எல்லாம் ஐ, கு, ஆல் என்று சொல்லின் வாலில்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. நாயும் பூனையும் வரைந்து அப்பா முன்னால் வைத்தேன். "நாயைப் பூனை துரத்துச்சு. யாருப்பா துரத்துனது?"

நாயைத் தொட்டார்.

"பூனையை நாய் துரத்துச்சு." பூனையைத் தொட்டார்.

முதலில் வந்த சொல்லையே பிடித்துக்கொள்கிறார். ஆறு தரம் கேட்டேன், ஆறு தரமும் அப்படித்தான். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, புத்தகத்தில் இருப்பது கண்ணெதிரே நடக்கிறதே என்று. ஏழாம் தரம் கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். தாளை இடது கையால் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார். சந்தையில் விலை படியாதபோது சாக்கை அப்படித்தான் தள்ளுவார்.

இனி இப்படிச் செய்ய மாட்டேன். கேட்க வேண்டியது இருந்தால் சைகையோடு கேட்பேன்.

மார்ச் 3

பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணு சாகிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று அம்மா என்னை எழுப்பியபோது மணி நாலு. அவர் வாய் கோணியிருந்தது. தூக்கக் கலக்கம், விடியட்டும் என்று சொன்னது நான். விடிந்தபிறகு இங்கேயே டாக்டர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்ததும் நான் சொல்லித்தான். தருமபுரி போய்ச் சேர்ந்தபோது பத்து. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

19 லட்சம் பெருக்கல் 60. ஒரு மணி நேரத்துக்கு 11 கோடியே 40 லட்சம். ஆறு மணி நேரத்துக்கு 68 கோடியே 40 லட்சம். மனிதமூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி. வகுத்துப் பார்த்தேன். நூற்றில் ஒன்றுகூட வரவில்லை.

அந்த ஒன்றுக்கும் குறைவானதில்தான் அவர் என்னைக் கூப்பிடும் சொல் இருந்தது.

மார்ச் 4

புத்தகத்தைத் திறக்கவில்லை.

மார்ச் 11

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா நல்லவர். ராகம் போட்டுச் சொல்லச் சொன்னார். 1973இலேயே அமெரிக்காவில் இதை ஒரு சிகிச்சை முறையாக எழுதிவிட்டார்கள். பேச முடியாதவர்கள் பலருக்குப் பாட வரும். இடது கையைத் தொடையில் தட்டிக்கொண்டே, சொல்லை நீட்டி, ஏற்றி இறக்கி. தண்...ணி. தண்...ணி. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"அதா...ன்" என்று அப்பாவும் அதே ராகத்தில் சொன்னார்.

மார்ச் 14

மூன்று மாதத்துக்குள்தான் வேகமாகத் திரும்புமாம். அதற்குப் பிறகும் திரும்பும், மெதுவாக. ஏப்ரல் பிறந்தால் மூன்று மாதம்.

மார்ச் 18

புரோக்காவுக்கு அதே 1861இல் இன்னொரு நோயாளி வந்தார். லெலோங், 84 வயது. அவரிடம் மிஞ்சியவை ஐந்தே சொற்கள். ஆமாம், இல்லை, எப்போதும், மூன்று, அப்புறம் சிதைந்துபோன அவர் பெயர். எந்த எண்ணைக் கேட்டாலும் "மூன்று" என்பார். ஆனால் விரலில் சரியான எண்ணைக் காட்டுவார். எண் உள்ளே இருந்திருக்கிறது, வெளியே வரும் வாசலில் ஒரே ஒரு சொல் நின்றுகொண்டிருக்கிறது.

லெபோர்ஞைவிட எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது.

மார்ச் 24

பரணில் இருந்து பழைய இரும்புப் படியை இறக்கினேன். கொள்ளு ஒரு முறத்தில் கொட்டி முன்னால் வைத்தேன். சும்மா கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான்.

கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையால் படியைக் கொள்ளுக்குள் சாய்த்து அள்ளினார். முறத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, உள்ளங்கை ஓரத்தால் தலையைத் தட்டிச் சமன் செய்தார். நாற்பது வருஷம் வலது கை செய்த வேலை. விளிம்பில் மிஞ்சிய நாலைந்து கொள்ளைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டார். பிறகு பக்கத்தில் கொட்டினார்.

"லாபம்."

நான் மூச்சு விடவில்லை.

"ரெண்டு. மூணு. நாலு."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். பதினொன்று வரை போனார், முறம் காலியாகிவிட்டது. ஒன்று என்று அவர் எப்போதுமே சொன்னதில்லை, முதல் படிக்கு லாபம்தான்.

யோசித்துச் சொல்லும் பேச்சு வேறு, தானாக உருண்டு வரும் பேச்சு வேறு என்று லண்டனில் ஹூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பு டாக்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை, பிரார்த்தனை, வசவு, இவையெல்லாம் இடது பக்கம் கெட்டவர்களிடமும் பிழைத்திருப்பதுண்டு. அதனால் இது பேச்சு திரும்பியதாக அர்த்தம் இல்லை. தெரியும். தெரிந்துதான் அழுதேன்.

மார்ச் 25

"மாத்திரை எத்தனைப்பா?" அதான். கொள்ளு இல்லாமல் எண் வரவில்லை.

மார்ச் 29

அத்தியாயம் 9, தூக்கம். பாதியில் நிறுத்தினேன், அப்பாவுக்கு மலச்சிக்கல்.

மார்ச் 30

இப்போது படி கையில் இல்லாமலும் வருகிறது. ஆனால் முதல் சொல் மட்டும். அதான் கொஞ்சம் குறைந்து, அந்த இடத்தில் லாபம். சோற்றுக்கு லாபம், பாத்ரூமுக்கு லாபம். ஒரு வாசலில் இரண்டு சொல் நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றைவிட இரண்டு நல்லது.

ஏப்ரல் 2

வெயில் தாங்கவில்லை. மதியம் தலை சீவி விடும்போது சும்மா கேட்டேன், "நான் யாருப்பா?"

"லாபம்" என்றார். இடது கையின் ஒரு விரலை மேலே தூக்கினார். ஃபேன் கேட்கிறார் என்று எழுந்துபோய்ப் போட்டேன். திரும்பி வந்தபோதும் விரல் அப்படியே இருந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

ஏப்ரல் 3

ராத்திரி தம்பி ஓசூரிலிருந்து போன் செய்தான். அப்பா காதில் வைத்தேன். "அப்பா, நான்தான்ப்பா, யாருன்னு தெரியுதா?"

"லாபம்" என்றார். இரண்டு விரல் காட்டினார்.

அவனுக்கு அது போனில் தெரியாது.