ரென் இல்லாத மலையில் ரென் மாதிரி இரண்டு

ரென் என்பது வாலை நிமிர்த்திக்கொண்டு தரையோரம் திரியும் ஒரு குட்டிப் பறவை. நீலகிரியில் அது கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க இமயமலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அது மாதிரி இரண்டு பறவைகளை இங்கேயே படம் எடுக்கலாம். ஒன்று, வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் எலி மாதிரி ஓடுகிற குட்டிக் குருவி, ஊட்டிக் கொல்லைகளிலேயே இருக்கிறது: சாம்பல் கதிர்க்குருவி. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இதன் பெயரே 'ஆஷி ரென்-வார்ப்ளர்'.

முதுகு சாம்பல், வயிறு வெளிர் செம்மை, கண் சிவப்பு. வேலிப் புதர், பீன்ஸ் கொடி, கேரட் பாத்தி ஓரம் என்று தாழ்வாகவே திரியும். பறக்கும்போது தீப்பொறி தெறிக்கிற மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். பெரும்பாலும் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். துரத்தினால் படம் கிடைக்காது. ஆண் குருவி பாடுவதற்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் குச்சியைக் கண்டுபிடித்து, காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்காருங்கள். தலையும் வாலும் ஓயாமல் ஆடுவதால் ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும். ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. பெரிதாக வைத்தால் முன்னால் நிற்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும்.

இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு கண்ணில் பட்டால், மறைக்கிற கிளையை ஒடிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிகிற கூடு காக்கைக்கும் தெரியும்.

அடர்ந்த சோலைக் காட்டுக்குள் போனால் கணக்கே வேறு. தொட்டபெட்டா, கோத்தகிரி லாங்வுட் சோலை மாதிரி இடங்களில் ரென்னைப் போலத் தரையை ஒட்டி வாழ்வது கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. தலையும் இறக்கையும் கறுப்பாக இருந்தால் ஆண். பெண்ணுக்குத் தலை பழுப்பு. வேறு இனம் என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

முழங்கால் உயரத்தில் உட்காருகிற பறவை இது. நின்றபடி எடுத்தால் பின்னணி முழுக்கச் சருகுதான். தரையில் உட்காருங்கள், மழைக்காலத்தில் அட்டை கடிக்காமல் காலுக்கு உறை போட்டுக்கொண்டு. தாவலுக்குத் தாவல் சில நொடி அசையாமல் இருக்கும். அதனால் லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளி உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 3200, ஷட்டர் 1/160 போதும். நாலைந்து படம் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றாவது தெளிவாக வரும்.

கெடுவது பெரும்பாலும் நிறத்தில். சுற்றிலும் இருட்டு, எனவே கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; ஆரஞ்சு மார்பு இறகே தெரியாமல் வழித்துவிட்ட சாயம் மாதிரி ஆகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மொத்தத்தை நம்ப வேண்டாம், சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக இருந்தால் கறுப்புத் தலையைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன ஆரஞ்சு திரும்பாது.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வெளியே குளிர், உள்ளே அடுப்புச் சூடு. லென்ஸில் பனி பூத்துவிடும். ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மெமரி கார்டை மட்டும் வாசலிலேயே கழற்றிக்கொள்ளலாம்.