சதவீதக் கணக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

கேரளத்தின் தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பள்ளியில் தமிழ்வழி உயர் தொடக்கநிலை (யு.பி.) வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்ற பேச்சை ஆசிரியர் அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை நம்பினேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா.

எங்கள் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டம் வழக்கமாகப் புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நடக்கும். அந்நேரம் அம்மாக்கள் மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்தால் அரைநாள் சம்பளம் போய்விடும், கொழுந்து செழித்த மாதமாக இருந்தால் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசும் சேர்ந்து போகும். அறிவிப்புத் தாளோ மலையாளத்தில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா அதைப் பிள்ளையிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வார். மதிப்பெண் குறைந்த பிள்ளை, “நீங்க வர வேண்டாம்னு போட்டிருக்கும்மா” என்று வாசித்துவிடும். இவ்வளவையும் நாங்களே செய்துவிட்டு, கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சட்டம் பெற்றோருக்கு அளித்திருக்கும் இடம் மிகப் பெரியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், அரசு மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆனால் நான் பார்த்த அளவில், எழுதி முடித்த தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான் அம்மாக்களை அழைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு என் வகுப்புக் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் அருகிலுள்ள குழந்தைகள் காப்பகத் திண்ணையில் வைத்தேன். அறிவிப்பைத் தமிழில் கையால் எழுதி அனுப்பினேன். இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள், அப்பாக்கள் சிலரும் வந்திருந்தார்கள். அன்றுதான் அந்த அம்மா மகளின் கணக்குத் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தார். தேயிலைக் கறை விரல் ரேகைகளில் கறுப்பாக ஏறியிருந்ததால், தாளில் படக் கூடாது என்று அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்திக்கொண்டார். சதவீதப் பாடத்தில் மகள் எடுத்திருந்தது பத்துக்கு இரண்டு.

“சதவீதம்னா போனஸ்ல சொல்றதுதானே டீச்சர்?” என்று கேட்டார்.

2015 செப்டம்பரில் 20 சதவீதம் போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்களில் அவரும் ஒருவர். போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, இரண்டும் சேர்ந்து 20 என்று முடிவானதை அவர் தடுமாறாமல் சொன்னார். 8.33 எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “வருசத்துக்குப் பன்னிரண்டு மாசம், அதுல ஒரு மாசச் சம்பளம்” என்றார். நூறைப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டி நான் ஒரு வாரம் நடத்திய பாடத்தை, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்சி ஹில், டயானா டைசன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நடுநிலை வகுப்பு மாணவர்கள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட முடிவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பெற்றோரின் ஈடுபாடு பொதுவாகப் பிள்ளைகளின் தேர்ச்சியோடு சேர்ந்தே உயர்ந்திருக்கிறது. வீட்டுப்பாடத்தில் உதவுவது மட்டும் அதற்கு விதிவிலக்காக இருந்திருக்கிறது. படிப்பு ஏன் வேண்டும், எதிர்காலத்தில் என்ன செய்யப்போகிறாய், படிக்கிற பாடத்துக்கும் நம் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளையோடு பேசுவதற்கே தேர்ச்சியோடு மிக வலுவான தொடர்பு தெரிந்திருக்கிறது. “எனக்கு எழுத்து தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க” என்று ஒதுங்கும் ஒவ்வொரு அம்மாவிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் வீட்டில் இந்தப் பேச்சு நடப்பதற்குப் பாடப்புத்தகத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் அம்மாக்கள் எடுத்த கொழுந்தின் எடையைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று வேளை எடை, அதில் கழிவு எத்தனை சதவீதம், மீதி எவ்வளவு என்று கரும்பலகையில் போட்டோம். விடை சரியா என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். சில வீடுகளில் அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி வெகுநேரம் வாதாடியதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அந்த மாணவி அடுத்த தேர்வில் ஏழு எடுத்தாள். அந்த உயர்வுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கும் பழக்கம் அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் அவளுக்கு வந்தது.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் மேலாண்மைக் குழுவைத் திருத்தியமைக்க வேண்டும். அந்த அம்மா உறுப்பினராகச் சம்மதித்திருக்கிறார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும், அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும் என்ற இரண்டையும் முதல் தீர்மானமாக வைக்கப்போவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன் தீர்மானத்தை யாராவது சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.