பதினெட்டாவது பெயர்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்து இரண்டு வாரங்கள் கழிந்ததும், ஒரு நீள நோட்டுப்புத்தகத்தை எடுத்து அளவுகோல் வைத்துக் கோடு போடத் தொடங்குவேன். பெயர், படிப்பு, எத்தனையாவது ஆண்டு, ஜெர்சி எண், ஆடும் இடம் என ஐந்து கட்டங்கள் எந்தக் கால்பந்து அணியின் பட்டியலிலும் இருக்கக்கூடியவை. என் பட்டியலில் ஆறாவதாக ஒரு கட்டம் உண்டு. அதில் ஸ்டட்ஸ், அதாவது கால்பந்துக் காலணியின் அளவை எழுதுகிறேன். 18 பேரில் சொந்தமாக ஸ்டட்ஸ் வைத்திருப்பவர்கள் 11 அல்லது 12 பேருக்கு மேல் இருந்ததில்லை. மாற்று வீரர் களம் இறங்க வேண்டுமானால், வெளியே வருபவர் கோட்டோரத்தில் உட்கார்ந்து தன் ஸ்டட்ஸைக் கழற்றிக் கொடுக்க வேண்டும்; அது உள்ளே போகிறவரின் காலுக்குப் பொருந்தவும் வேண்டும். நடுக்கள வீரன் களைத்துப்போயிருப்பது கண்ணெதிரே தெரிந்தும், அவனுடைய எட்டாம் அளவு ஸ்டட்ஸுக்குப் பொருந்தும் கால் பெஞ்சில் இல்லாத காரணத்தால் அவனையே ஆட்டம் முடியும்வரை ஓடவிட்ட நாட்கள் உண்டு. பயிற்சியாளரின் திட்டத்தில் வராத இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒரு சிறிய கல்லூரியின் அணிப் பட்டியலைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நினைக்கிறேன்.

பெங்களூரில், மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடாத ஒரு கல்லூரியில் 1996 முதல் 1999 வரை பி.காம். படித்தேன், அந்த மூன்று ஆண்டுகளும் வலது பேக் என்ற தற்காப்பு இடத்தில் ஆடினேன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வீடு அல்சூரில். எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே கபடி, கைப்பந்து, தடகளம், கால்பந்து அனைத்தையும் கவனிக்க வேண்டியிருப்பதால், கால்பந்துப் பட்டியலை எழுதிப் பராமரிக்கும் வேலையைப் பத்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒப்படைத்தார். அன்று முதல் எங்கள் அணியின் ஆட்டங்களில் நான் தவறவிட்டவை மிகக் குறைவு.

பட்டியலில் 18 பெயர்கள் இருந்தாலும், ஆட்டத்தன்று காலையில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்பது வேறு விஷயம். மூன்றாண்டுப் படிப்பு என்பதால் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு வீரர்கள் விடைபெற்றுப் போகிறார்கள். கர்நாடகத்தில் 2021-இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்து, 2024-இல் மாநில அரசு மீண்டும் மூன்றாண்டு முறைக்கே திரும்பியபோது, இடையில் சேர்ந்தவர்களில் யார் நான்காம் ஆண்டுக்குத் தங்குவார்கள் என்பது தெரியாமல் இரண்டு பருவங்களுக்குப் பட்டியலைப் பென்சிலில்தான் எழுதி வைத்திருந்தேன். இவற்றோடு வருகைப்பதிவுச் சிக்கலும் சேர்கிறது. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஆட்டத்துக்குப் போன நாளுக்கான கடிதம் அலுவலகத்தில் கையெழுத்தாகி வகுப்பாசிரியரின் கைக்கு வரும்வரை அந்த நாள் விடுப்பாகவே கணக்கில் நிற்கும். தாமதமான அந்த ஒரு காகிதத்தால் நல்ல வீரர்கள் விலகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இதை மாற்றப் பணம் தேவையில்லை. கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் மனம் வைத்தால் போதும் என்பதால்தான் இந்தக் குறை எனக்கு அதிகம் வலிக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் காலையில், உள்மதிப்பீட்டுத் தேர்வும் ஆட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஒன்பது மணி ஆட்டத்துக்கு எட்டரை மணி வரை ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஏழு பேருக்குக் குறைவான அணியோடு ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ கூடாது என்று கால்பந்தின் மூன்றாம் விதி சொல்வதால், ஒன்பது பேரோடு ஆட எங்களுக்கு உரிமை இருந்தது. முதல் பாதி முடிவதற்குள் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட, எட்டுப் பேரானோம். இன்னும் இருவருக்கு ஏதாவது நேர்ந்தால் ஆட்டமே நின்றுவிடும் என்பது தெரிந்திருந்தும், பையன்கள் மோதலுக்கு அஞ்சி ஒதுங்கவில்லை. நான்கு கோல் வாங்கித் தோற்றோம். கடைசி அரை மணி நேரம், தனக்கு முன்னால் பாதி மைதானம் திறந்து கிடக்க, எங்கள் கோல்கீப்பர் தொண்டை கட்டும்வரை ஒவ்வொருவனையும் இடம் மாற்றி நிற்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். அன்று மைதான வேலியோரம் எங்களுக்காக நின்றவர்கள், என்னையும் சேர்த்து மூன்று பேர்.

எங்கள் பையன்களில் பெரும்பாலானோர் கௌதமபுரம், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் ஆகிய தமிழ்க் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கிறது. 2022 டிசம்பரில் பெலே மறைந்தபோது அங்கே மாலை போட்டு அஞ்சலி செலுத்தினார்கள். ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக அதை அடித்தார். இந்தியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்ற ஆட்டம் அது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் இந்த ஊர்க்காரரே. 2020-இல் மறைந்த கார்ல்டன் சாப்மன் ஆஸ்டின் டவுன் தெருக்களில் வளர்ந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். இந்தப் பெயர்களை எங்கள் பையன்கள் பாடமாகப் படித்ததில்லை. திண்ணையிலும் டீக்கடையிலும் கேட்டே அறிந்திருக்கிறார்கள்.

அந்தத் தலைமுறையினருக்கும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் கால்பந்து வேலைவாய்ப்பாகவும் இருந்தது. தொலைபேசி செய்த ஐ.டி.ஐ., விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல். போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகள் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு ஆலையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வீட்டில் பந்தாட அனுமதித்தார்கள். அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகக் குறுகியபின், பையன்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வருகிறார்கள். வசதியுள்ள பெரிய கல்லூரிகள் கட்டணச் சலுகையும் விடுதியும் தந்து தேர்ந்த வீரர்களை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றன. அதில் தவறேதும் இல்லை. அந்தப் பையனுக்கு அது நல்வாய்ப்பு. மீதமிருப்பவர்களைக் கொண்டுதான் எங்களைப் போன்ற கல்லூரிகள் பட்டியலை நிரப்புகின்றன. உண்மையாகவே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர், ஓரளவு ஆடுபவர்கள் ஆறு பேர், கல்லூரிக்கு வந்தபிறகே ஸ்டட்ஸ் மாட்டியவர்கள் ஏழு பேர் என்பதே எங்கள் வழக்கமான 18. ஒரே போட்டிக்காக வெளியிலிருந்து நான்கு பேரைச் சேர்த்துக் கோப்பை வாங்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்த நால்வருக்காக வெளியேற வேண்டியவர்கள் கடைசி ஏழு பேரில் இருப்பவர்கள். அடுத்த ஆண்டு இடது பேக்காக நிற்கப்போகிறவனும் அந்த ஏழு பேரில்தான் இருக்கிறான்.

எட்டுப் பேரோடு ஆடித் தோற்ற அதே பருவத்தில், ஆதரவு பற்றி எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஒரு மதிய ஆட்டத்துக்கு இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவியர் இருவர் வந்திருந்தார்கள். யாரை ஊக்கப்படுத்துவது என்று தெரியாமல் பொதுவாகக் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள், என் மடியிலிருந்த நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டு வாங்கினார்கள். ஜெர்சி எண்ணைப் பார்த்துப் பெயரைத் தேடி, அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடத் தொடங்கினார்கள். முதன்முறையாகத் தன் பெயர் வேலிக்கு வெளியிலிருந்து வந்ததைக் கேட்ட எங்கள் இடது பேக் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தான். அதன்பிறகு அவன் ஆடிய அரை மணி நேரத்தில் அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குப் பட்டியலை இருபது பிரதிகள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் ஆடும் செம்மண் மைதானத்தை ஒட்டி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்துவிட்டுச் சாப்பாட்டு வேளையில் வேலியோரம் வந்து நின்ற திருவண்ணாமலைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பிரதியை வாங்கிப் புரட்டிவிட்டு, “தமிழ்ல எழுதிக் குடுங்க சார், படிச்சிக் கூப்பிடறோம்” என்றார். பட்டியலை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். போட்டி நடத்துபவர்களுக்குக் கொடுக்கும் தாளுக்கு அது வேண்டும். வேலியோரம் நிற்பவர்களுக்கு அது உதவாது என்பது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை. அன்றிரவே ஒரு பக்கம் தமிழிலும், அண்டை வீட்டுக்காரரின் உதவியோடு மறுபக்கம் கன்னடத்திலும் எழுதினேன். பருவம் முடிவதற்குள் கட்டட வேலைக்காரர்கள், மைதானத்தின் மூலையில் வண்டியை நிறுத்தும் ஆட்டோக்காரர்கள், வீட்டுவேலை முடித்துத் திரும்பும் பெண்கள் என நாற்பது பேர்வரை வேலியோரம் நிற்கத் தொடங்கினார்கள்.

கண்டீரவா மைதானத்தின் மேற்குப் பகுதியில் பெங்களூரு எஃப்.சி. ரசிகர்கள் பாடும் பாட்டும் தட்டும் கொட்டும் எனக்கும் பிடிக்கும். நானே அங்கே நின்று பாடியிருக்கிறேன். ஆனால் தேசிய அணிக்கே வெற்று இருக்கைகள் வாய்த்த நாட்கள் உண்டு. 2018 ஜூனில் மும்பையில் சீனத் தைபேயை இந்தியா 5-0 என்று வென்றபோது, அணித்தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்த அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் அவர் ஒரு காணொளியில் மன்றாடியபின், இரண்டே நாளில், அவருடைய நூறாவது ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. மனதாரக் கேட்டு அழைத்தால் மக்கள் வருகிறார்கள் என்பதை எங்கள் வேலியோரத்திலும் கண்டேன்.

வேலியில் நாற்பது பேர் நின்ற அந்தப் பருவத்தின் பட்டியலில் பதினெட்டாவதாக இருந்தவன் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். அவனுடைய தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், அந்த ஊர்த் தமிழர்களில் ஏராளமானோர் பிழைப்புக்காகத் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்துபோகிறார்கள். அவனும் கல்லூரிக்கு அப்படித்தான் வந்தான். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு அவனால் வந்து சேர முடியாது. அதற்காகவே வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியைக் கல்லூரி முடிந்தபின் மாலைக்கு மாற்றினோம். மற்ற பதினேழு பேரில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முதல் ஆண்டு முழுவதும் அவன் களத்தில் இறங்கிய நேரத்தைக் கூட்டினால் இருபது நிமிடங்கள் வரும். ஆனாலும் பட்டியலைக் கையில் வைத்திருந்த கொத்தனார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் பெயரையும் விடாமல் கூப்பிட்டார்கள். “என்னை இன்னும் எறக்கவே இல்லண்ணா, ஆனா அவங்களுக்கு என் பேர் தெரியுது” என்று அன்று மாலை அவன் என்னிடம் சொன்னபோது, அவன் அடுத்த ஆண்டும் நிச்சயம் வருவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் எங்கள் நடுக்களத்தில் அவன்தான் நின்றான்.

2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையைத் தூக்கியபோது, 54 ஆண்டுக் காத்திருப்பு முடிந்ததென்று எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தேன். மாநில அணிக்கு வீரர்கள் மாவட்ட லீக்கிலிருந்தும் கிளப்களிலிருந்தும் போகிறார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து யாரும் போனதில்லை. போவார்கள் என்று சொல்லி நான் யாரையும் அணியில் சேர்ப்பதும் இல்லை. 90 நிமிடங்கள் ஓடவும், பத்துப் பேருக்காக ஓடவும் அவர்களுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் அவர்கள் பெயர் ஒரு தாளில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

தங்கவயல் பையன் இந்த ஆண்டு படிப்பை முடித்துவிட்டான். ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. போகும்போது தன் ஸ்டட்ஸைக் கழுவி, நாளிதழில் சுற்றி, அணியின் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். பட்டியலில் இதுவரை 17 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் ஆட்டம் அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. முப்பது பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வருபவர்கள் வேலியோரம் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதினெட்டாவது வரிசையில் பெயர், படிப்பு, எண் எதுவும் இன்னும் இல்லை. ஆறாவது கட்டத்தில் மட்டும் 8 என்று எழுதி வைத்திருக்கிறேன்.