ஓரியூர் செம்மண்

இன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் திருத்தலத்தில் ஒரு பாட்டி, புனித அருளானந்தரின் குருதி படிந்ததாக நம்பப்படும் செம்மண்ணை விரலால் தொட்டுப் பேரனின் நெற்றியில் பூசிவிட்டார்.

1647இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ, கிறித்தவ மறைபணிக்கு வந்த இயேசு சபைத் துறவி; காவியுடுத்திய பண்டாரசுவாமியாக, அதாவது தமிழ்த் துறவியின் கோலத்தில், புலால் துறந்து, மறவர் நாடு எனப்பட்ட இராமநாதபுரப் பகுதியில் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றவர்.

1686இல் சிறையும் சித்திரவதையும். பின்னர் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்ட அவரை அரசரே தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பியும், 1690இல் திரும்பி வந்தார்; 1693 பிப்ரவரி 4இல் இதே ஊரில் வெட்டுண்டார்.

மதம் பரப்ப வந்தவர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. ஆபத்தை அறிந்தே திரும்பியவரை இழுத்தது, இங்கே விட்டுச்சென்ற எளிய மக்களின் மீதான பற்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தமிழகத்திலிருந்து இன்று ஆப்பிரிக்காவுக்குப் பணிக்குச் செல்லும் அருட்சகோதரிகளும், அறியாத மொழியையும் பழகாத உணவையும் ஏற்றுக்கொண்டு, அங்குள்ளவர்களோடு வாழப் பழகுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.