சோடியமும் பொறுமையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கத்தை நெருங்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளி வேதியியல் ஆய்வகம்தான் நினைவுக்கு வருகிறது. மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடந்த சோடியத்தைக் கடுகளவு நறுக்கி ஆசிரியர் தண்ணீரில் போட்டார்; அது சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. அதே சோடியம் ஆயிரம் டன்னுக்கு மேல் உருகிய நிலையில் சுற்றிவருமாறு வடிவமைக்கப்பட்டதுதான் கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை என்னும் அணு உலை.

அணுமின்சாரம் தூய்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சுரங்கம் முதல் கட்டுமானம் வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 12 கிராம் கரியமில வாயுதான் வெளியாகிறது என்றும், நிலக்கரிக்கு அது 820 கிராம் என்றும் ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014-இல் கணக்கிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலைப் பார்த்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை.

ஈனுலையின் ஈர்ப்பு அதற்கும் மேலானது. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடுதான், மிச்சமெல்லாம் 238. அணு பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான் துகள்கள் வேகம் குறையாமல் அந்த 238-ஐப் புளுட்டோனியமாக மாற்றுவதால், எரித்ததைவிட அதிக எரிபொருளை உலையே ஈன முடியும். தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால்தான் வெப்பத்தைக் கடத்தச் சோடியத்தைத் தேர்ந்தார்கள். அது 883 டிகிரி வரை கொதிக்காது. ஆகவே உயர் அழுத்தமும் தேவையில்லை.

சிக்கல் நீராவி உற்பத்திக் கலனில் இருக்கிறது. அங்கே ஒருபுறம் சோடியமும் மறுபுறம் தண்ணீரும் ஓட, நடுவில் இருப்பது குழாயின் உலோகச் சுவர் மட்டுமே. ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995-இல் சோடியம் கசிந்து காற்றுடன் சேர்ந்து தீப்பிடித்தது. அதன்பின் பெயரளவுக்கே இயங்கிய அந்த உலையை மூடிவிடுவதென 2016-இல் முடிவெடுத்தார்கள். ரஷ்யாவின் பிஎன்-600 உலையோ, பல கசிவுகளைச் சந்தித்தும் 1980 முதல் மின்சாரம் தந்து வருகிறது. எனவே இதை முடியாத காரியம் என்று நான் சொல்லமாட்டேன்.

என்னை உறுத்துவது காலமும் செலவும்தான். கல்பாக்கம் ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி நீர் அதன் அடித்தளக் குழிக்குள் புகுந்தது. 2010-இல் முடிப்பதாகத் திட்டமிட்டார்கள். உலைக்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. தொடக்கத்தில் மதிப்பிட்ட 3,492 கோடி ரூபாயும் வெகுவாகக் கூடிவிட்டது. இப்போது சிறிய அணு உலைகளைப் பற்றிய பேச்சு. 2025 பட்ஜெட்டில் அவற்றுக்காக 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் உள்நாட்டில் உருவான ஐந்து உலைகளையாவது இயக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆனால் அமெரிக்காவில் இவ்வகையில் முன்னணியில் இருந்த நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், விலை ஏறியதாலும் போதுமான வாடிக்கையாளர்கள் கிடைக்காததாலும் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது.

புதிய உலைகள் கழிவையே எரித்துவிடும் என்பது பாதி உண்மை. பிளவில் பிறக்கும் கழிவுகளான சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள். கண்ணாடியில் உறையவைத்தாலும் முந்நூறு ஆண்டுகளாவது காவல் காக்க வேண்டும். 1639-இல் பிறந்ததாகக் கொண்டாடப்படும் நம் சென்னையின் வயதே நானூறை எட்டவில்லை.

ஆகவே இந்தப் பத்தாண்டில் நிலக்கரியைக் குறைக்கும் பொறுப்பை இன்னும் பிறக்காத உலைகளின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. 2024 கோடையில் தமிழகத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோது, 500 மெகாவாட் என்பது அதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் ஏப்ரல் மாத இரவில், சூரியன் மறைந்து, காற்றாலைப் பருவமும் தொடங்காத நிலையில், ஊரெல்லாம் ஏ.சி. ஓடும்போது அந்த மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மின்கலன் சேமிப்பு முழுமையான விடை தரும் வரையில், கல்பாக்கத்தில் நடக்கும் வேலையை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.