ஐந்து எம், ஒரு துண்டு டேப்: இடக்கண்காரனின் வலக்கை வில்

வில்வித்தைத் தெரிவுச் சுற்றின் முடிவு நேற்று இரவு கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 600க்கு 503. வெட்டுப்புள்ளி 480. போன தடவை 446 எடுத்து வெளியே நின்றவன் நான். ஆகவே இதில் நிம்மதியோடு கொஞ்சம் புகைச்சலும் கலந்துதான் வரும்.

18 மீட்டர், 40 சென்டிமீட்டர் இலக்குத் தாள், 60 அம்பு. தெரிவுச் சுற்று எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி. நாண் இழுப்பது வலக்கை, ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கும்போது மூளை நம்பும் கண், இடது. இந்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தொடர்ந்து படித்தால் போதும்.

அந்த 446ஐ உடைத்துப் பாருங்கள். 55 அம்பு பலகையில், சராசரி எட்டுக்குக் கொஞ்சம் மேல். மீதி ஐந்தும் எம், அதாவது இலக்குத் தவறிப் பூச்சியம். அவை வெறும் எட்டில் விழுந்திருந்தாலே 486. அன்றே உள்ளே போயிருப்பேன். வெள்ளவத்தைக்குத் திரும்பிய பஸ்ஸில் காலி வீதி நெடுக இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஐந்தும் போனது ஒரே பக்கம், இடது. அதுவும் பலகையின் ஓரத்தில் அல்ல, பக்கத்துக்காரரின் பலகையில். அங்கே எய்த சிங்களத் தம்பி ஒவ்வொரு முறையும் என் அம்பைப் பிடுங்கி வந்து, "அய்யே, இது உங்கட" என்று மரியாதையாக நீட்டினான். மூன்றாவது முறை சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

ஏன் அவ்வளவு தூரம்? கணக்கு சுலபம். இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் சொச்சம். அம்பின் வால் வலக்கண்ணுக்குக் கீழே இருக்கிறது. வில்லில் குறிபார்க்க இருக்கும் சைட் வளையம் முகத்திலிருந்து 90 சென்டிமீட்டர் முன்னால் என்று வையுங்கள். இடையில் இடக்கண் பொறுப்பை எடுத்துக்கொண்டால், நமக்கே தெரியாமல் கை வளையத்தை அந்தக் கண்ணின் நேருக்கு நகர்த்திவிடும். 90க்கு 6 என்ற சாய்வு 18 மீட்டர் போய்ச் சேரும்போது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். எய்தவனுக்கோ வளையம் இலக்கின் மஞ்சள் மையத்தில்தான் தெரிந்திருக்கும். அதுதான் கொடுமை.

இதை அறியாமல் இரண்டு மாதம் சைட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அம்புக் கூட்டம் முழுவதும் இடப்பக்கம் நகர்ந்தால் சைட்டைப் பாருங்கள், அம்பின் விறைப்பைப் பாருங்கள். கூட்டம் இருந்த இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் அடுத்த வீட்டுக்குப் போனால் அது கண். சைட்டைத் தொடாதீர்கள்.

பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது என்று அர்ஜுனன் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். எந்தக் கண்ணால் பார்க்கிறாய் என்று துரோணர் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

சரி, சோதனை. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன ஓட்டை வைத்து, தூரத்துப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்குப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அது ஆதிக்கக் கண். இதை ஒரு தடவை செய்துவிட்டு நம்பாதீர்கள். காலையில் எனக்கு வலது போல வரும். வேலை முடிந்து வந்து செய்தால் சந்தேகமே இல்லாமல் இடது. களைத்த கண்ணோடுதானே கடைசி இருபது அம்பை எய்யப்போகிறோம்?

இனி டேப். போன தெரிவுக்கு முன் துப்பாக்கி சுடுபவர்களின் வீடியோ ஒன்றைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் நாணயம் அளவு டேப் ஒட்டிப் பழகினேன். அருமையாக வேலை செய்தது. தெரிவு அன்று காலை உபகரணச் சோதனையில் நடுவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "முழுவதும் மறைக்க வேண்டும், இல்லையென்றால் கழற்ற வேண்டும்." அவர் சொன்னது சரி. குறிபார்க்காத கண்ணின் வில்லையை மறைப்பதானால் முழுவதும் மறைக்க வேண்டும், அல்லது கண்மூடித் துணி போடலாம் என்றுதான் உலக வில்வித்தைச் சம்மேளனமான வேர்ல்ட் ஆச்சரியின் விதி சொல்கிறது. பையில் வேறு டேப் இல்லை. கழற்றினேன். இடக்கண்ணை மூடிக்கொண்டு எய்தேன். நாற்பதாவது அம்பைத் தாண்டியதும் கன்னம் துடிக்கத் தொடங்கியது, இமை தானாகத் திறந்தது. ஐந்து எம்மில் நான்கு அதற்குப் பிறகு வந்தவை.

விதியை வாசியுங்கள். பயிற்றுநர் சொல்லித் தருவார் என்று இருக்காதீர்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த முறை செய்தவை:

இடது வில்லை முழுவதும் மைக்ரோபோர் டேப். எந்த ஃபார்மசியிலும் கிடைக்கும். கறுப்புத் துணியை நான் விரும்பவில்லை. ஒரு பக்கம் இருட்டானால் எனக்கு நிற்கும் நிலையே ஆடுகிறது. டேப்பில் வெளிச்சம் வரும், உருவம் வராது.

டேப் சுருள் பையில். இன்னொன்று சட்டைப்பையில்.

ஒட்டியபடியே ஆறு கிழமை பயிற்சி. முதல் கிழமை புள்ளி குறைந்தது, பயப்பட வேண்டாம்.

கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் பட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். தலையைத் திருப்பி எய்யும்போது வலக்கண் வில்லையின் நடுவால் பார்ப்பதில்லை, மூக்கோரமாகத்தான் பார்க்கிறது. கொழும்புப் புழுக்கத்தில், காற்றாடி மட்டும் சுழலும் மண்டபத்தில், பத்து அம்புக்குள் கண்ணாடி வியர்வையில் வழுக்கும். கண்ணாடிச் சட்டம் வலக்கண்ணை மறைக்கும். வலது மறைந்த கணமே, டேப் இல்லாதவனுக்கு இடது பொறுப்பெடுக்கும். டேப் உள்ளவனுக்கு ஒன்றுமே தெரியாது. தடித்த சட்டம் போடாதீர்கள்.

நாணின் மங்கல். எல்லாவற்றிலும் பெரியது இதுதான். மற்ற எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வலக்கண் குறிபார்க்கும்போது நாண் ஒரு மங்கலான நிழலாக வளையத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். அது அங்கே இல்லையென்றால் பார்ப்பது தவறான கண். அம்பை விடாதீர்கள், நாணை மெல்லத் தளர்த்தி வில்லை இறக்குங்கள். இறக்கியதற்குப் புள்ளி வெட்டமாட்டார்கள். நேற்று முன்தினம் ஏழு தடவை இறக்கினேன். பின்னால் நின்ற யாரோ "பயந்துட்டான்" என்றது காதில் விழுந்தது. விழட்டும்.

இடக்கை வில்லுக்கே மாறிவிடு என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், முதல் மாதத்திலேயே மாறுங்கள். நான் மாறவில்லை. கழகத்தில் இருந்த ஒரே இடக்கை ரைசரை (வில்லின் பிடியுள்ள நடுப்பகுதி) எப்போதும் வேறொருவர் வைத்திருந்தார். இரண்டு மாதச் சம்பளத்தில் வாங்கிய வலக்கை வில்லை விற்கவும் மனம் வரவில்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். காம்பவுண்ட் எனும் கப்பி வைத்த வில் எய்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. நாணில் இருக்கும் பீப் துளை வழியாகப் பார்த்தே ஆக வேண்டியிருப்பதால் கண் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது வெளியில், 70 மீட்டர். அதே சாய்வு அங்கே நாலரை மீட்டர். டேப் இன்னொரு சுருள் வாங்கியாயிற்று. புல்லுக்குள் அம்பு தேட அந்தத் தம்பியையும் கேட்டு வைத்திருக்கிறேன், அவனும் தெரிவாகிவிட்டான்.