நடுவில் இருக்கும் பொட்டாசியம்: என் பிஎச்.டி. நேர்காணல் அனுபவம்

நேற்று மாலை பட்டியல் வந்தது. பெயர் இருக்கிறது, அதுவும் காத்திருப்போர் வரிசையில் இல்லை. போன வருஷம் இதே ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) மதிப்பெண்ணோடு போய் இருபது நிமிஷத்தில் வெளியே வந்தவன் நான். அந்த மதிப்பெண் தரும் நெட் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பது உங்களுக்கே தெரியும். நேர்காணலை மட்டும் சொல்கிறேன்.

"பிடித்த தலைப்பு?" என்றார்கள். ஜி-குவாட்ருப்ளெக்ஸைச் சிறு மூலக்கூறுகளால் இறுக்கிப் புற்றுநோயை அடக்குவது என்றேன். குவானின் நிறைந்த டிஎன்ஏ இழை மடிந்து, நான்கு குவானின் சதுரங்கள் அடுக்கடுக்காக நிற்கும் வடிவம் அது. டெலோமெஸ்டாட்டின், பிராகோ-19, பிரிடோஸ்டாட்டின் என்று அந்த மூலக்கூறுகளை அடுக்கினேன். வரையச் சொன்னார்கள். நான்கு குவானின்களைச் சதுரமாகப் போட்டேன். "நடுவில் ஒன்றும் இல்லையா?" முழித்தேன். இரண்டு அடுக்குகளின் எட்டு ஆக்சிஜன்களும் அங்கே முகம் காட்டி நிற்கின்றன. பொட்டாசியம் அயனி உட்காராவிட்டால் ஒன்றையொன்று தள்ளிவிடும். "லித்தியம் பஃபர் கரைசலில் செய்தால்?" அதற்கும் முழித்தேன். பொட்டாசியம் இல்லாமல் அந்த வடிவம் நிலைக்காது, அவ்வளவுதான் பதில். ஒரு வருஷம் போனது.

எனக்குப் பேச்சு சரளமாக வராது, சாக்பீஸ்தான் துணை. வாயாடிகள் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

- டெட்ராடை (அந்த நான்கு குவானின் சதுரத்தை) தினமும் ஒரு தடவை வரையுங்கள். எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், ஹூக்ஸ்டீன் முகம் (வழக்கமான ஜோடி சேர்க்கைக்கு வராத குவானின் ஓரம்), பொட்டாசியம். முதலில் பொட்டாசியம்!
- சிடி நிறமாலை (ஒளியை வைத்து மடிப்பைக் கண்டுபிடிக்கும் முறை): இழைகள் ஒரே திசையில் ஓடும் இணைப்போக்குக்கு 264 நானோமீட்டர் அருகே மேடு, எதிர்த்திசையில் ஓடும் எதிரிணைக்கு 295.
- "சாதாரண செல்லிலும் டெலோமியர் உண்டே?" கட்டாயம் வரும். டெலோமியர் என்பது குரோமோசோமின் முனை, ஜி-குவாட்ருப்ளெக்ஸ் உருவாகும் ஓர் இடம். டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணு பழுதான புற்றுசெல்களை, ஜி-குவாட்ருப்ளெக்ஸை இறுக்கும் சிஎக்ஸ்-5461 மூலக்கூறு கூடுதலாகத் தாக்குகிறது என்ற 2017 ஆய்வைச் சொல்லுங்கள். அது டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் நொதியான டோபோஐசோமரேஸ் 2-ஐயும் பிடிக்கிறது என்று பின்னால் வந்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் தோண்டி எடுத்தால் அசிங்கம்.
- மைக் என்ற புற்றுநோய் மரபணுவை இயக்கும் பகுதியில் (புரோமோட்டர்) உள்ள ஜி-குவாட்ருப்ளெக்ஸை இறுக்கிய டிஎம்பிவைபி4 மூலக்கூறு, 2002 ஆய்வு. அந்த மூலக்கூறு சாதாரண இரட்டைச் சுருளிலும் ஒட்டும். தேர்ந்து பிடிக்கும் குணம் குறைவு.
- மனித செல்லில் ஜி-குவாட்ருப்ளெக்ஸ் இருக்கிறதா என்றால், அதை ஒட்டிப் பிடித்துக் காட்டிய பிஜி4 ஆன்டிபாடி, 2013 ஆய்வு. அந்த ஆய்வுக் குழுவின் சங்கர் பாலசுப்பிரமணியன் சென்னையில் பிறந்தவர் என்ற பெருமையை அங்கே அவிழ்க்காதீர்கள். நான் அவிழ்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் இவ்வளவும் மனப்பாடமாகப் போனேன். கேட்டது ஐ-மோட்டிஃப்! சைட்டோசின் நிறைந்த டிஎன்ஏ இழை மடிந்து உருவாகும் சமாசாரம். பழக்க தோஷத்தில் கை சதுரம் போடப் போனது. அழித்துவிட்டு இரண்டு சைட்டோசின்களை எதிரெதிரே வைத்தேன்.

"இதன் நடுவில்?" என்றார் போன வருஷத்து அதே பேராசிரியர்.

"ஒரு புரோட்டான், சார். அதனால்தான் அமில பஃபர்."

தலையை நிமிர்த்தாமல் ஏதோ குறித்துக்கொண்டார்.